பேண்ட் பொய் சொல்லாது

நாற்காலியில் உட்கார்ந்ததுமே பேண்ட் கொக்கி வயிற்றைக் கிள்ளியது.

டிரைவர் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, மேஜைக்கு அடியில் இடுப்புப் பட்டிக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தார். நகம் வரைக்கும் நுழைந்தது. அதற்கு மேல் இடமில்லை. போன வாரமும் நகம் வரைக்கும்தான். அதற்கு முந்தின வாரமும் அதே நகம்தான். ஆறு வாரமாக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இருந்தும் பேண்ட் ஒரு நூல்கூட இரக்கம் காட்டவில்லை.

"என்னங்க, கையை எங்க வெச்சிருக்கீங்க?" என்றாள் மனைவி, மெனு அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஒண்ணுமில்லம்மா. நாற்காலி கொஞ்சம் குட்டை."

"நாற்காலி குட்டையா, நீங்க நெட்டையா? சும்மா நெளியாம இதைப் பாருங்க. இதான் அந்த வாசனை."

"எந்த வாசனை?"

"பதினொரு மணி வாசனை."

முப்பத்தொன்றாம் நம்பர் படத்தின் மேல் அவள் விரல் இருந்தது. தேங்காய்ப்பால் மிதக்கும் பச்சைக் குழம்பு. விரல் அப்படியே நழுவிக் கடைசிப் பக்கத்துக்குப் போனது. "நாலு மணி வாசனை இதுவாத்தான் இருக்கணும்." மஞ்சள் மாம்பழம், பக்கத்தில் வெள்ளையாகக் குழைந்த அரிசி, அதன் மேலும் தேங்காய்ப்பால்.

தெருவுக்கு அந்தப் பக்கம் அவளுடைய தையல் கடை. புதுத்துணி தைப்பதில்லை, ஆல்டரேஷன் மட்டும். ஜிப் மாற்றுவது, கை குறைப்பது, இடுப்பு பிடிப்பது, பிரித்து விடுவது, இப்படி. நேர் எதிரே இந்தத் தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடை வந்து ஏழு வருஷம். ஏழு வருஷமும் தையல் மிஷினில் உட்கார்ந்தபடி வாசனை மட்டும் பிடித்தவள் அவள். பேர் தெரியாத பண்டங்களை எல்லாம் மணி வாரியாக வரிசைப்படுத்தி வைத்திருந்தாள்.

கடைக்கார அம்மாள் தாய்லாந்திலிருந்து வந்தவள். கிழிந்த ஏப்ரனைத் தைக்கக் கொடுக்க வந்த இடத்தில் சிநேகமாகி, இவளிடமே தமிழும் கற்றுக்கொண்டாள். இவளை "அக்கா" என்பாள். இவளுக்கு அவள் "தங்கச்சி". "ஒருநாள் சாப்பிட வாங்கக்கா" என்று தங்கச்சி எத்தனையோ தடவை கூப்பிட்டாயிற்று. "அவரோட வர்றேன்" என்பது ஒன்றே பதில்.

இன்று கல்யாண நாள். இருபத்தைந்து வருஷம். அவரோடு வந்துவிட்டாள். அவர்தான் டூட்டி முடிந்த பேண்ட்டோடு, சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு, தூக்கு மேடைக்குப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

காரணம் நாளைக் காலை ஒன்பது மணி.

ஆறு வாரத்துக்கு முன்னால் கம்பெனி டாக்டர் அவர் இடுப்பை அளந்துவிட்டு, டேப்பையும் அவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "மூணு அங்குலம் குறையணும். இல்லேன்னா பஸ் கிடையாது. டயர் கோடவுன்ல உக்கார வெச்சிடுவாங்க" என்றார். "தினம் எடை மிஷின்ல ஏறி நிக்காதீங்க. அது காலையில ஒண்ணு சொல்லும், சாயங்காலம் ஒண்ணு சொல்லும். உங்க பேண்ட் இருக்கு பாருங்க, அது பொய் சொல்லாது. அது தளர்ந்துதுன்னா நீங்க பாஸ்."

டிரைவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். டிப்போவுக்கு நடந்தே போனார். டீயில் சர்க்கரையை விட்டார். ராத்திரி வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு, மனைவியிடம் "வயித்துக்குக் கொஞ்சம் ஓய்வு" என்று சொன்னார். டயர் கோடவுன் கதையை மட்டும் சொல்லவில்லை. புதன்கிழமை காலைகளில், இஸ்திரி மடிப்போடு கட்டிலில் காத்திருக்கும் பேண்ட்டை மாட்டி, விரலை விட்டுப் பார்ப்பார். நகம் வரைக்கும்.

பெல்ட் போடுகிறவனாக இருந்தால் ஓட்டையை எண்ணியாவது ஆறுதல் அடையலாம். அவர் இடுப்பு கல்யாணத்துக்குப் பிறகு பெல்ட்டைப் பார்த்ததில்லை. "என் புருஷன் பெல்ட் போட்டுக்கிட்டுத் திரிஞ்சா என் கடைக்கு எவன் வருவான்?" என்று மனைவி முதல் வாரத்திலேயே அதைக் குப்பையில் போட்டுவிட்டாள்.

தங்கச்சி குறிப்புப் புத்தகத்தோடு வந்தாள். காதில் ஒரு பென்சில், கழுத்தில் அக்கா ஒட்டுப் போட்டுத் தந்த ஏப்ரன்.

"வாங்க பஸ் அண்ணா! இத்தனை வருஷமா ஹாரன் சத்தம் மட்டும் கேட்டேன். இன்னைக்குத்தான் ஆள் முழுசா வந்திருக்கீங்க."

'முழுசா' என்ற சொல் டிரைவரின் இடுப்பில் போய்த் தைத்தது.

அவர் சட்டைப் பையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. டிப்போவில் 'டயட்டு' என்று பட்டப்பெயர் வாங்கிய ஒரு டிரைவர் எழுதிக் கொடுத்தது. தாய்லாந்துச் சாப்பாடு என்றதும் அவன் பரவசமாகிவிட்டான். "அண்ணே, தெரிஞ்சு சாப்பிட்டா அது பத்தியம். தெரியாம சாப்பிட்டா பாயாசம்" என்றான். தேங்காய்ப்பால் விழுந்த எதையும் தொடாதே. வறுத்த நூடுல்ஸ் பக்கம் தலைவைத்துப் படுக்காதே. தெளிவான சூப், ஆவியில் வேகவைத்த மீன், பப்பாளிக்காய் சாலட். அதிலும் வேர்க்கடலையை ஒதுக்கு. சோறு ஒரு கைப்பிடி. கலர் கலராக வரும் டீயைக் கண்ணால் பார்க்காதே.

டிரைவர் சீட்டை மெனுவுக்குப் பின்னால் வைத்து, காப்பியடிக்கும் பையனைப் போலப் பார்த்துப் பார்த்துச் சொன்னார்.

"பப்பாளிக்காய் சாலட் ஒண்ணு. பால் போடாத சூப். மீன், எலுமிச்சம்பழம் பிழிஞ்சு ஆவியில வெச்சது. வெள்ளைச் சோறு, சின்னக் கிண்ணம்."

"அக்காவுக்கு?"

மனைவியின் விரல் இன்னும் முப்பத்தொன்றின் மேல்தான் இருந்தது. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அட்டையை மூடினாள்.

"அவருக்கு என்னவோ அதுவேதான் எனக்கும்."

டிரைவர் அட்டையைத் திரும்பத் திறந்து அவள் பக்கம் தள்ளினார். "நீ உனக்குப் பிடிச்சதைச் சொல்லும்மா."

"நீங்க புல்லைத் தின்னுக்கிட்டு உக்காந்திருக்க, நான் எதிர்ல குழம்பை ஊத்தித் தின்னா தொண்டையில இறங்குமா? மீன் போதும்."

தங்கச்சி எழுதிக்கொண்டாள். "சாலட்டுக்குக் காரம் எவ்வளவு, அண்ணா? ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் இருக்கு."

டிரைவருக்குச் சாயங்காலத்திலிருந்து முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "யாரைப் பாத்து என்ன கேள்வி கேக்கற, தங்கச்சி? பச்சை மிளகாயைத் தொட்டுக்கிட்டுச் சோறு தின்ன வம்சம். அஞ்சு போடு."

"ரெண்டு போதும்" என்றாள் மனைவி.

"சும்மா இரும்மா. நம்ம நாக்குக்குன்னு ஒரு மரியாதை இல்லையா? காரம் சாப்பிட்டா கொழுப்பு வேற கரையுமாம்."

"அண்ணா, இது எங்க ஊர் அஞ்சு."

"இருக்கட்டும். இது எங்க ஊர் வாய்."

தங்கச்சி அக்காவைப் பார்த்தாள். அக்கா மேலே பார்த்தாள். தங்கச்சி உள்ளே போனதும் சமையலறையிலிருந்து சிறிய உரலில் எதையோ இடிக்கும் சத்தம் கேட்டது. எதை இடிக்கிறாள், எத்தனை இடிக்கிறாள் என்பதை டிரைவர் எண்ணியிருக்க வேண்டும். எண்ணவில்லை.

சாலட் வந்தது. நூல் நூலாகச் சீவின காய், தக்காளி, பீன்ஸ், மேலே வேர்க்கடலை. டிரைவர் சீட்டின் சொற்படி வேர்க்கடலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக நிறுத்தினார். பதினேழு. பிறகு ஒரு பெரிய வாயாக அள்ளிப் போட்டார்.

புளிப்பு. இனிப்பு. உப்பு. "பரவால்லையே!" என்றார். இரண்டாவது வாய். "இதுவா அஞ்சு? பாவம், இவங்களுக்கு அஞ்சுன்னா நமக்கு ஒண்ணரை."

மூன்றாவது வாயில்தான் முதல் வாயின் காரம் வந்து சேர்ந்தது. தாமதமாக வந்தாலும் தம்பி, மச்சான், மாமன் என்று மொத்தக் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது. நாக்கில் ஏறி, மூக்கில் இறங்கி, காதுக்குள் போய் ஹாரன் அடித்தது. கண்கள் குளமாகின.

"என்னங்க, அழறீங்களா?"

"க... கல்யாண நாள் இல்லையா. ஆனந்தக் கண்ணீர்."

"மூக்கு வழியாவுமா ஆனந்தம் வரும்?"

தண்ணீரைக் குடித்தார். நெருப்பில் எண்ணெய் விட்ட கதையானது. ஒதுக்கி வைத்த பதினேழு வேர்க்கடலையையும் ஒரே மூச்சில் வாயில் கொட்டிக்கொண்டார். அணையவில்லை. தங்கச்சி ஓடிவந்து ஒரு உயரமான டம்ளரை நீட்டினாள். ஆரஞ்சு நிறத்தில் டீ, ஐஸ், மேலே ஒரு விரல் கனத்துக்கு டின் பால். சீட்டில் இரண்டு தடவை அடிக்கோடிட்ட விஷயம். டிரைவர் சீட்டை மறந்தார், டாக்டரை மறந்தார், தன் பேரையும் மறந்தார். முதல் டம்ளர் நெருப்புக்கு. இரண்டாவது டம்ளர் புகைக்கு.

"தண்ணி கேக்காது அண்ணா. சோறுதான் அணைக்கும்" என்று தங்கச்சி ஒரு சின்ன மூங்கில் கூடையில் ஒட்டும் அரிசிச் சோற்றைக் கொண்டுவந்து வைத்தாள். கைப்பிடிக் கணக்கு அங்கேயே செத்தது. கூடையின் அடி தெரியும் வரைக்கும் உருட்டி உருட்டி விழுங்கினார்.

மனைவி இதற்குள் நிதானமாக மூன்று வாய் சாலட் சாப்பிட்டிருந்தாள். மேல் உதட்டில் மட்டும் கொஞ்சம் வேர்வை. "நல்லாத்தான் இருக்கு. உங்களுக்குக் காரம் ஆகல போல" என்றாள்.

அடுத்தது தெளிவான சூப். அதில் புல்லுத்தண்டு, இலை, கட்டை மாதிரி ஒரு கிழங்கு என்று என்னென்னவோ மிதந்தன. பாலும் சோறும் உள்ளே போன பாவத்துக்கு நார்ச்சத்துதான் பரிகாரம் என்று முடிவுகட்டி, டிரைவர் எல்லாவற்றையும் மென்றார். புல்லுத்தண்டு பல்லோடு மல்லுக்கு நின்றது. கிழங்கு மேஜைக்கால் போல இருந்தது. மிச்சம் வைக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. அவர் கிண்ணம் துடைத்த மாதிரி ஆனபோது தங்கச்சி வந்து எட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, அந்தத் தண்டு, இலை, கட்டை எல்லாம் எங்க?"

"சாப்பிட்டாச்சு. கொஞ்சம் வேகல."

"ஐயோ, அது வாசனைக்குப் போடறது! அதை யாரும் சாப்பிட மாட்டாங்க!"

மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அவள் கிண்ணத்தின் ஓரத்தில் தண்டும் இலையும் கட்டையும் அடுக்கி வைத்த விறகு மாதிரி ஒழுங்காகக் கிடந்தன.

"தெரிஞ்சிருந்தா சொல்லக் கூடாதா?"

"நீங்க அவ்வளவு ஆசையா மென்னீங்க. எதுக்குக் கெடுக்கணும்னுதான்."

அவள் சிரித்ததைப் பார்த்து அவருக்கும் சிரிப்பு வந்தது. கொக்கி கிள்ளவே, சிரிப்பைப் பாதியில் நிறுத்தினார். அப்போதுதான் கவனித்தார். சிரித்துக்கொண்டே அவள் கண்கள் பக்கத்து மேஜைக்குப் போயிருந்தன. அங்கே யாரோ பச்சைக் குழம்பைச் சோற்றின் மேல் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் மூக்கு லேசாக விரிந்தது. பதினொரு மணி.

'ஏழு வருஷம். அடப்பாவி, இன்னைக்கும் அவ மூக்காலதான் சாப்பிடணுமா?'

"கை கழுவிட்டு வர்றேன்" என்று எழுந்தார் டிரைவர். நேராகச் சமையலறைக் கதவுக்குப் போய்த் தலையை நீட்டினார்.

"தங்கச்சி, அந்த முப்பத்தொண்ணாம் நம்பர் ஒண்ணு அக்காவுக்கு. நான் சொன்னேன்னு சொல்லாத. கடையோட அன்பளிப்புன்னு சொல்லு."

தங்கச்சி கரண்டியோடு தலையாட்டினாள். அவர் திரும்பி வந்து, கை துடைப்பது போலப் பாவனை செய்து உட்கார்ந்ததும், மனைவி எழுந்தாள்.

"நானும் கை கழுவிட்டு வந்துடறேன்."

மீன் வந்தது. எலுமிச்சையும் பூண்டும் மணக்க, எண்ணெய்ப் பசையே இல்லாமல், சீட்டுக்கு அடங்கின பிள்ளையாக இருந்தது. டிரைவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. இரண்டு பேரும் முள்ளைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டார்கள். கடைசியில் ஒரு நல்ல காரியம் நடக்கிறது என்று அவர் நிம்மதியாக மூச்சு விட்ட நேரம், தங்கச்சி இரண்டு கையிலும் இரண்டு தட்டோடு வந்து நின்றாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத முகம்.

"இது அக்காவுக்கு. கடை குடுக்குது" என்று பச்சைக் குழம்பை வைத்தாள். "இது அண்ணாவுக்கு. இதுவும் கடை குடுக்குது" என்று இன்னொன்றை வைத்தாள்.

வறுத்த நூடுல்ஸ். இருபத்துநாலாம் நம்பர். மேலே முட்டை, இறால், வேர்க்கடலை. மெனுவைப் புரட்டும்போது அவர் அந்தப் படத்தில் ஒரு வினாடி நின்றது உண்மைதான். ஒரே ஒரு வினாடி. அதை எதிரே இருந்தவள் பார்த்துவிட்டாள்.

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கை நல்லாக் கழுவினீங்களா?" என்றாள் அவள்.

"நீ?"

"சோப்புப் போட்டே கழுவினேன்."

"எனக்கு வேண்டாம்மா. வயித்துக்கு ஓய்வுன்னு சொன்னேனே."

"அந்தப் பொண்ணு நம்மளையே பாத்துக்கிட்டு நிக்கிறா. அன்பாக் குடுத்ததைத் திருப்பி அனுப்பினா அவ மனசு என்ன பாடு படும்?"

"அப்போ நீ முதல்ல குழம்பைச் சாப்பிடு."

"நீங்க ஒரு வாய் வாங்கினாத்தான் நான் தொடுவேன்."

"நீ இதுல ஒரு வாய் வாங்கினாத்தான் நான் அதைத் தொடுவேன்."

இப்படி ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்ட பிறகு என்ன ஆகும்? அவள் ஒரு வாய்க்கு இவர் ஒரு வாய், இவர் ஒரு வாய்க்கு அவள் ஒரு வாய் என்று இரண்டு தட்டும் காலியாயின. முதல் கரண்டிக் குழம்பை வாயில் வைத்ததும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ரொம்ப நேரம் திறக்கவில்லை.

"எப்படிம்மா இருக்கு?"

"வாசனையை விட நல்லாருக்கு" என்றாள். "நான் பயந்துக்கிட்டே இருந்தேங்க. ஏழு வருஷம் நினைச்சது, வாயில வெச்சா ஒண்ணுமில்லாமப் போயிடுமோன்னு."

அந்த முகத்துக்காக ஒரு கோடவுன் டயரையும் தனியாளாக உருட்டலாம் என்று டிரைவருக்குத் தோன்றியது. தோன்றின மறு வினாடியே ஜன்னல் வழியாகத் தெருவில் ஒரு பஸ் போனது. அவருடைய பதினாலாம் நம்பர். சாயங்கால ஷிப்ட் ஆள் ஓட்டிக்கொண்டு போனான். பூட்டிக் கிடந்த தையல் கடையைத் தாண்டும்போது அவன் ஹாரன் அடிக்கவில்லை. அவன் ஏன் அடிக்கப்போகிறான்?

ஒரு நாளைக்கு ஆறு தடவை அவர் அந்தத் தெருவில் போவார். கடைக்கு நேரே வந்ததும் ஹாரனை ஒரு விரலால் தொடுவார். பயணிகளுக்கு அது கொசு தும்மின மாதிரி இருக்கும். உள்ளே அவள் தலையை நிமிர்த்தாமலே கத்தரிக்கோலைத் தூக்கிக் காட்டுவாள். அவ்வளவுதான் விஷயம். கடைச் சுவர்க் கடிகாரம் நின்று இரண்டு வருஷம் ஆகிறது. பேட்டரி வாங்கட்டுமா என்று கேட்டால், "எதுக்கு? பஸ்தான் வருதே" என்பாள்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஏங்க, முகம் ஏன் இப்படிப் போச்சு? கட்டை ஏதாவது குத்துதா?"

"நாளைக்கு ஒம்பது மணிக்குக் கம்பெனி டாக்டரைப் பாக்கணும்."

"எதுக்கு?"

"இடுப்பளவு பாக்க." அவர் மேஜை விரிப்பைத் தடவிக்கொண்டே சொன்னார். "மூணு அங்குலம் குறைஞ்சிருக்கணும். இல்லேன்னா பஸ்ல இருந்து இறக்கி டயர் கோடவுன்ல போட்டுடுவாங்க."

அவள் ஜன்னல் வழியாக, பூட்டிக் கிடந்த தன் கடையைப் பார்த்தாள். "அந்தக் கோடவுன் ஜன்னல் எந்தப் பக்கம் பாத்து இருக்கு?" என்றாள்.

"ஜன்னலே கிடையாது."

"அப்போ பதினொண்ணே காலுக்கு நான் எப்படி டீ குடிப்பேன்?"

"கடிகாரத்துக்கு பேட்டரி போட்டுடலாம்மா."

"வாயை மூடுங்க."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு பருக்கையை விரலால் நசுக்கினாள்.

"இதை ஆறு வாரமா மனசுல வெச்சுக்கிட்டா வெள்ளரிக்காயைக் கடிச்சீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன, நாக்கு தேஞ்சிடுமா? நான் என்ன எதிர்க்கட்சியா?"

"சொன்னா நீயும் பட்டினி கிடப்ப. எனக்குத் தெரியாதா உன்னை?"

"அதான் நீங்க இளைச்சுட்டீங்களே. நான்தான் சொல்லிக்கிட்டே இருக்கேனே."

"நீ சொல்லுவ. உன் வாய்க்கு என் மேல பாசம். டயட்டு கூடச் சொன்னான், மூஞ்சி வத்திடுச்சுன்னு. கவலையில மூஞ்சி வத்தும், இடுப்பு வத்துமா? ஒரு நூல் குறையல."

"யாரு சொன்னா? நான் சொல்றதைக் கேளுங்க, உங்க..."

அந்த நேரம் பார்த்து மாம்பழம் வந்தது.

யாரும் சொல்லாமலே தங்கச்சி கொண்டுவந்திருந்தாள். தட்டில் மாம்பழத்தை இதழ் இதழாக விரித்து, நடுவில் ஆவி பறக்கும் அரிசியை வைத்து, மேலே தேங்காய்ப்பாலை ஊற்றியிருந்தாள். "இது நிஜமாவே கடை குடுக்குது. இருபத்தஞ்சு வருஷத்துக்கு" என்றாள். நாலு மணி வாசனை மேஜை முழுக்கப் பரவியது. மனைவி சொல்ல வந்ததை அந்த வாசனை அப்படியே அள்ளிக்கொண்டு போய்விட்டது.

டிரைவர் தட்டைப் பார்த்தார். தேங்காய்ப்பால், சர்க்கரை, அரிசி. டயட்டு இதைப் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பான். அவர் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து, நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக்காலுக்கு அடியில் செருகினார். மேஜை ஆட்டம் நின்றது. அந்தச் சீட்டால் விளைந்த முதல் நன்மை.

"ரெண்டு ஸ்பூன் குடு தங்கச்சி."

"ஏங்க, நாளைக்கு..."

"நாளைக்கு நாளைக்குத்தான். ஆறு வாரம் பட்டினி கிடந்து குறையாத இடுப்பு, ஒரு மாம்பழத்துலயா கெடப்போகுது? இன்னைக்கு நீ வாசனை பிடிச்சதை எல்லாம் நான் பக்கத்துல இருந்து பாக்கணும். அது போதும் எனக்கு. சாப்பிடு."

அவள் அழுதுகொண்டே சாப்பிட்டாளா, சாப்பிட்டுக்கொண்டே அழுதாளா என்று சொல்வது கஷ்டம். கடைசித் துண்டு மாம்பழத்தை அவர் பக்கம் தள்ளினாள். அவர் அவள் பக்கம் தள்ளினார். தட்டு நடு மேஜையில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஸ்பூனாலேயே இரண்டாக வெட்டி ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள்.

தங்கச்சிக்கு நன்றி சொல்ல டிரைவர் எழுந்து நின்றார். நின்றவர் ஒரு நல்ல வார்த்தை சொல்லலாம் என்று நெஞ்சை நிமிர்த்தி மூச்சை இழுத்தார்.

'பட்' என்றது.

பேண்ட் கொக்கி பிய்த்துக்கொண்டு பறந்து, காலி டீ டம்ளரில் பட்டு 'டிங்' என்று மணியடித்து, தரையில் உருண்டது. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டிரைவர் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தொப்பென்று உட்கார்ந்தார்.

"முடிஞ்சுது! டயர் கோடவுன்தான்! எழுதி வெச்சுக்கோ!"

"கத்தாதீங்க. எல்லாரும் பாக்கறாங்க. இருங்க." மனைவி கைப்பையைத் திறந்தாள். அதில் பவுடர் இருக்காது, சீப்பு இருக்காது. ஊசியும் நூலும் எப்போதும் இருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே மூச்சில் ஊசியில் நூல் கோத்தாள். "வயித்தை எக்குங்க."

"எக்கி என்ன பண்றது? ஆறு வாரமா இந்த பேண்ட்தான்மா எனக்குத் தராசு. டாக்டர் சொன்னாரு, பேண்ட் தளர்ந்தா பாஸ்னு. புதன்கிழமைக்குப் புதன்கிழமை விரலை விட்டு விட்டுப் பாத்தேன். ஒரு நூல் தளரல. இப்போ கொக்கியே போச்சு. பேண்ட் பொய் சொல்லுமா?"

ஊசி அந்தரத்தில் நின்றது.

மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் கையிலிருந்த இடுப்புப் பட்டியைப் பார்த்தாள். உள்பக்கம் வரிவரியாகத் தையல், புது நூலில். அவள் காது மடல் மெல்லச் சிவந்தது. முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

"என்னம்மா? ஏன் ஒரு மாதிரி பாக்கற?"

அதற்குள் தங்கச்சி நாற்காலிக்கு அடியில் குனிந்து கொக்கியைத் தேடி எடுத்து, ஏப்ரனில் துடைத்து, அக்காவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"நான்தான் ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டே இருந்தேனே அக்கா, ஆறு வாரமா ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அண்ணா பேண்ட் ரெண்டையும் இடுப்புல அரை அரை அங்குலம் பிடிச்சுத் தைச்சீங்க, இந்த வாரம் கொஞ்சம் அதிகமாப் பிடிச்சுட்டீங்க போல."